திரை கறுத்திருக்கும்போது

அன்புள்ள தங்கைக்கு,

மூன்று நாளாகத் திரை கறுப்பாகவே கிடக்கிறது, ரெஜிஸ்டர் மதிப்புகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாய். முதலில் மாற்றிப் போடுவதை நிறுத்து. இருட்டில் கல்லெறிந்தால் எது எதில் பட்டது என்று தெரியாது.

நீ போராடிக்கொண்டிருக்கும் இந்தக் கோர்பூட் ஃபெர்ம்வேர் பிறந்தது 1999இல், லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வுக்கூடத்தில், லினக்ஸ்பயாஸ் என்ற பெயரில். வரிசையாக அடுக்கிய கொத்துக் கணினிகளுக்காக எழுதியது அது; அவற்றின் முன்னால் திரை போட்டு உட்கார யாரும் இல்லை. ஃபெர்ம்வேரின் செய்திகள் சீரியல் கம்பி வழியாகவே வந்தன. அந்தப் பழக்கத்தை நீயும் பிடித்துக்கொள். திரை வராவிட்டாலும் பெரும்பாலும் லினக்ஸ் வரை கணினி போய்விடும். நெட்வொர்க் வழியாக உள்ளே நுழைந்து ‘சிபிமெம்’ கருவியை ஓடவிட்டால், ஃபெர்ம்வேர் எழுதிவைத்த லாக் முழுவதும் கிடைக்கும். கண் இல்லாத இடத்தில் காதைத் தீட்டிக்கொள்.

அடுத்து, பேனல் சொல்வதைக் கேள். பெரும்பாலான பேனல்கள் 128 பைட்டில் தம் ஜாதகத்தை வைத்திருக்கும், அதுதான் எடிட் (EDID). 128 பைட்டையும் கூட்டி 256ஆல் வகுத்தால் மீதி பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் படித்ததே தவறு, மேலே போகாதே. வந்தால் 54ஆம் பைட்டுக்குப் போ. பழைய 1024×768 பேனலில் அங்கே 64, 19 என்று இரண்டு பைட் இருக்கும். திருப்பிச் சேர்த்தால் பதினாறடிமான எண் 1964, தசமத்தில் 6500. அலகு 10 கிலோஹெர்ட்ஸ், ஆகவே 65 மெகாஹெர்ட்ஸ். கண்ணுக்குத் தெரியாத ஓரங்களையும் சேர்த்தால் ஒரு சட்டகம் 1344×806. விநாடிக்கு 60 சட்டகம் என்று பெருக்கிப் பார். கிட்டத்தட்ட அதே 65 மெகாஹெர்ட்ஸ் வரும். இந்தக் கணக்கை ஒரு தடவையாவது பேனாவும் தாளுமாக உட்கார்ந்து போடு. பிறகு அந்த மெகாஹெர்ட்ஸைத் தயாரிக்கும் பிஎல்எல்லின் வகுத்திகள் எதற்காக இருக்கின்றன என்று யாரும் உனக்குச் சொல்ல வேண்டியிருக்காது.

இந்தத் துறையில் ஒரு காலத்தில் கிளிப்பிள்ளை வழிதான் வழி. கர்னல் டிரைவர் எந்த ரெஜிஸ்டரில் எதை எழுதுகிறது என்று பதிவு செய்து, அதே வரிசையை ஃபெர்ம்வேரில் ஒப்பிப்பது. உற்பத்தியாளரின் மூடிய வீடியோ பயாஸிலிருந்து விடுபட அது உதவியது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பேனல் மாறினால் கிளி திணறும். இன்டெல் சிப்களுக்கான லிப்ஜிஎஃப்எக்ஸ்இனிட் நூலகம் அப்படியில்லை, எடிட்டைப் படித்து மதிப்புகளைத் தானே கணக்கிடுகிறது. அடா மொழியின் ஸ்பார்க் வடிவத்தில் எழுதியது. ஓடும்போது பூஜ்யத்தால் வகுப்பது, வரம்பு மீறுவது போன்ற பிழைகள் நேராது என்று நிரூபிக்க முடிகிற வடிவம். அதன் மூலநிரலைப் படி. நிரூபணம் நிரலுக்குத்தான், பேனலுக்கு இல்லை என்பதை மட்டும் மறக்காதே.

நானும் கிளியாக இருந்து அடிபட்டவள்தான். முன்பு வேலை பார்த்த இடத்தில், ஒரு மடிக்கணினியில் ஓடிய ஃபெர்ம்வேர் அமைப்பை அதே மாதிரியின் இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துப் போட்டேன். அணைத்துப் போட்டால் திரை வந்தது. ரீபூட் செய்தால் வரவில்லை. ஃபெர்ம்வேர் ஏறும் சிப் கெட்டது, அதில் மாட்டிய கிளிப் சரியாகக் கவ்வவில்லை என்று இரண்டு வாரம் வெளியிலேயே தேடினேன். கடைசியில் பேனலைத் திருப்பி முதுகில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தபோதுதான் அது வேறு தயாரிப்பு என்று தெரிந்தது. அதன் விவரத்தாளில், மின்சாரத்தை நிறுத்தினால் மறுபடி கொடுக்க 500 மில்லி விநாடி பொறுக்க வேண்டும் என்று இருந்தது. என் அமைப்பு அவ்வளவு நேரம் பொறுக்கவில்லை. அந்தத் தலைமுறை இன்டெல் சிப்பில் 500 வேண்டுமென்றால் ரெஜிஸ்டரில் 6 எழுத வேண்டும். நூறு நூறாக எண்ணி ஒன்று கூட்ட வேண்டும். 5 என்று எழுதினால் 400தான். அரை விநாடிப் பொறுமை இல்லாததற்கு இரண்டு வாரம் கட்டினேன்.

மின்சாரம், பிறகு சிக்னல், படம் நிலைத்த பிறகு பேக்லைட். அணைக்கும்போது இதே வரிசை தலைகீழாக. இந்த இடைவெளிகள் யாரோ பயந்து போட்டவை என்று நினைத்து வெட்டாதே. பூட் நேரத்தைக் குறைக்கத்தான் வேண்டுமென்றால் வேலையையே தவிர்க்கப் பார்: பல குரோம்புக்குகள் வழக்கமான பூட்டில் ஃபெர்ம்வேரில் திரையை எழுப்புவதில்லை, கர்னலிடம் விட்டுவிடுகின்றன.

இன்று ரெஜிஸ்டர் எதையும் தொடாதே. பேனலைக் கழற்றி முதுகைப் படி, விவரத்தாளைத் தேடி எடு, லாக்கையும் சேர்த்து எனக்கு அனுப்பு. நீ எழுதிய கடிதத்தில் பேனலின் பெயரே இல்லையம்மா.

அன்புடன்,
அக்கா