பில்லியன் என்றால் எத்தனை கோடி?

மில்லியன் என்றால் பத்து லட்சம் என்று நம் வீட்டுப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடுகிறார்கள். பில்லியன் என்றதும்தான் தயக்கம். ஒருவர் பத்துக் கோடி என்பார், இன்னொருவர் லட்சம் கோடி என்பார். ஓர் அறிவிப்பின் தமிழாக்கத்தில் 5 பில்லியன் ரூபாய் 'ஐம்பது கோடி' என்று அச்சாகியிருந்ததை நானே பார்த்தேன். பத்தில் ஒன்பது பங்கு பணம் மொழிபெயர்ப்பிலேயே கரைந்து போயிற்று! சரியான விடை 500 கோடி. ஒரு பில்லியன் என்பது நூறு கோடி, ஒன்றுக்குப் பின் ஒன்பது சுழி.

லட்சம் கோடி என்பவரை நான் குறை கூற மாட்டேன். அவர் பழைய பிரிட்டிஷ் அகராதியைப் பார்த்திருக்கலாம். 15-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் இச்சொல் பிறந்தபோது, மில்லியனை மில்லியனால் பெருக்கி வரும் தொகையையே அது குறித்தது. முன்னே நிற்கும் 'பை' இரண்டைச் சுட்டுவது. மில்லியன் இருமுறை வருவதால் அப்பெயர். பிறகு பிரெஞ்சுக்காரர்களே அதை ஆயிரம் மில்லியனாகக் குறைத்தார்கள். அமெரிக்கர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிரிட்டன் பழைய பொருளை விடவில்லை. 1974 டிசம்பரில்தான் பிரதமர் ஹெரால்ட் வில்சன், அமைச்சர்கள் ஆயிரம் மில்லியன் என்ற பொருளிலேயே இச்சொல்லை ஆள்வர் என்று நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். வேடிக்கை என்னவென்றால், பிரான்ஸ் 1961-லேயே பழைய பொருளுக்குத் திரும்பிவிட்டது. ஜெர்மன், ஸ்பானிய மொழிகளிலும் இன்றுவரை அது லட்சம் கோடிதான். ஆகவே, பழைய பிரிட்டிஷ் நூலில் இச்சொல்லைக் கண்டால், பதிப்பான ஆண்டைப் பார்த்த பிறகே கணக்குப் போடுங்கள்.

அளவு மனத்தில் பதிய ஒரு வழி உண்டு. ஒரு மில்லியன் விநாடி பதினொன்றரை நாளில் கழிந்துவிடும். ஒரு பில்லியன் விநாடி கழிய 31 ஆண்டு எட்டு மாதம் ஆகும்.

எழுதும்போது ஒரு சிறு இலக்கணம். முன்னால் எண் வந்தால் 'டூ பில்லியன்' என்றே எழுத வேண்டும், 'ஸ்' சேராது. எண் இல்லாமல் பொதுவாகச் சொன்னால் 'பில்லியன்ஸ் ஆஃப் ருபீஸ்'. நாம் 'ஆயிரம் வேலை கிடக்கிறது' என்று அலுத்துக்கொள்வதுபோல் அவர்கள் 'எ பில்லியன் திங்ஸ் டு டூ' என்பார்கள். அங்கே கோடிக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

டிரில்லியன் என்பது இன்றைய ஆங்கிலத்தில் லட்சம் கோடி. அதாவது, பிரிட்டனின் பழைய பில்லியன்.