ஊர்ப்பெயர்களின் வழியே ஒரு நாள்: இராயபுரம் முதல் எண்ணூர் வரை

பூமியில் சுற்றி வந்து முன்னோர் விட்டுச்சென்ற அடையாளங்களைக் கண்டு சிந்திக்குமாறு திருமறை பல இடங்களில் பணிக்கிறது. நாமோ தாஜ்மகாலையும் கோல்கொண்டாவையும் காணப் பொருள் சேர்க்கிறோம். கூப்பிடு தொலைவில் உள்ள வடசென்னையைச் சரக்கு லாரிகளின் புழுதியாகவே அறிந்திருக்கிறோம். இக்குறையை ஒரு நாளேனும் போக்க எண்ணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்துடன் புறப்பட்டோம். தொண்டிக் கடற்கரையில் பிறந்து வளர்ந்த எம் பெரியத்தாவும் உடன் வந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் எம் மகள், செல்லும் ஊர்களின் பெயர்க்காரணங்களை எழுதிவர ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டாள்.

முதலில் இறங்கியது இராயபுரம் இரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் இரயில் வண்டி 1856 ஜூலை முதல் நாள் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை ஓடிற்று. பம்பாயில் 1853-லும் கல்கத்தாப் பகுதியில் 1854-லும் இரயில்கள் ஓடத் தொடங்கிவிட்டன எனினும், அங்கு முதலில் எழுந்த நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. ஆகவே இந்தியாவில் எஞ்சி நிற்கும் மிகப் பழைய இரயில் நிலையக் கட்டடம் இதுவே. உயர்ந்த தூண்களைக் கொண்ட அம்முகப்பின் முன் நின்றவர் அன்று எம்மைத் தவிர வேறொருவருமில்லை. ஆற்காட்டு நவாப் முகம்மது அலியின் பட்டப்பெயரே வாலாஜா என்று நாம் கூற, குறிப்பேட்டின் முதல் வரி நிறைந்தது. இராயபுரத்தின் பெயர் எளிது. தமிழ்க் கத்தோலிக்கர் புனித பேதுருவை இராயப்பர் என்பர். கடலில் படகோட்டிய குருகுல வமிசத்தார் எழுப்பிய இராயப்பர் கோயில் இன்றும் அங்கே உள்ளது. சிறிது தொலைவில் பார்சிகளின் தீக்கோயிலும் இருக்கிறது. அதன் வாயிலைக் கண்டதோடு நகர்ந்தோம்.

அடுத்துக் குணங்குடி மஸ்தான் சாகிபு அப்பாவின் அடக்கத்தலம். சுல்தான் அப்துல் காதிர் என்னும் இயற்பெயருடைய அப்பெருமகனார் தொண்டிக்கு அருகில் குணங்குடியில் 1792-இல் பிறந்தார்; துறவு பூண்டு பல இடங்களில் தவமியற்றியபின், லெப்பைக்காடு என வழங்கிய முட்புதர் நிலத்தில் வந்து தங்கி, 1838-இல் மறைந்தார். பராபரக்கண்ணியும் மனோன்மணிக்கண்ணியும் பாடிய அவரைத் திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் நான்மணிமாலை பாடிப் போற்றினார். சைவப் புலவர் ஒருவர் முஸ்லிம் ஞானியைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்ட காலம் அது.

பாத்திஹா ஓதி வெளியே வந்ததும் பெரியத்தா, "தொண்டியிலிருந்து வந்தவர் என்பதால் மக்கள் அவர்களைத் தொண்டியார் என்றார்கள், தொண்டியார்பேட்டைதான் தண்டையார்பேட்டை ஆனது. எழுதிக்கொள் அம்மா" என்றார்கள். வடசென்னையெங்கும் வழங்கும் செய்திதான் இது. மேடைகளில் நாமும் சொன்னதுண்டு. ஆயினும் எழுதிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து, "உண்மைதானா அத்தா?" என்றபோது நாம் தயங்கினோம்.

கும்பினியாருக்கு 1693-இல் எழும்பூர், புரசைவாக்கம் ஆகியவற்றோடு வழங்கப்பெற்ற மூன்றாவது ஊர் இத்தண்டையார்பேட்டையே. அவர்கள் தம் ஏட்டில் அதனைத் 'தண்டோர்' என்று எழுதினர். மஸ்தான் சாகிபு பிறந்ததோ அதற்குத் தொண்ணூற்றொன்பது ஆண்டுகளுக்குப் பின். மகனுக்கு முன்னே பிறந்த பெயருக்கு அவரைக் காரணமாக்குவது எங்ஙனம் பொருந்தும்? இதனை மெல்லச் சொன்னோம். பெரியத்தா முகம் வாடினார்கள். சற்றுப் பொறுத்து, "பேட்டை என்பது பிறகு சேர்ந்திருக்கலாமே?" என்றார்கள். அது கேட்கத் தக்க கேள்விதான். எனினும் சொல்லின் முற்பகுதி அந்த ஞானிக்கு முந்தியது என்பதில் ஐயமில்லை. மஸ்தான் சாகிபுவின் பெருமை அவர்தம் கண்ணிகளில் உள்ளது. பேருந்தின் பெயர்ப்பலகையால் அது கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

நண்பகலில் திருவொற்றியூர். ஊழி வெள்ளத்தை ஒற்றி நிறுத்தியதால் இப்பெயர் என்பது தலபுராணம். புராணம் ஒருபுறமிருக்க, கல்வெட்டு தெளிவாகப் பேசுகிறது: முதலாம் இராசேந்திரன் காலத்தில் சதுரானன பண்டிதர் முயற்சியால் கருங்கல் விமானத்தை எடுத்தவன் இரவி என்னும் தச்சன். மன்னர் பெயரே கல்லில் நிலைக்கும் என்றிருந்த எம் மகளுக்கு, தச்சன் பெயரும் நிலைத்திருப்பது பெருவியப்பு. ஏழுகிணறு பகுதியில் வாழ்ந்த இராமலிங்க அடிகளார் இளமையில் நாடிவந்து வழிபட்ட கோயிலும் இதுவே. மஸ்தான் சாகிபு மறைந்தபோது அடிகளாருக்கு வயது பதினைந்து இருக்கலாம். இரு ஞானியரும் நடந்த தெருக்கள் ஒன்றுக்கொன்று நடைதூரமே. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 1708-இல் நவாப் தாவூத்கான் கும்பினிக்கு அளித்த ஐந்து ஊர்களில் அடங்கும் என்பதையும் மகளுக்குச் சொன்னோம்.

பொழுது சாயும்போது எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தோம். 1970-இல் இயங்கத் தொடங்கி 2017-இல் மூடப்பட்ட அனல்மின் நிலையத்தின் சுற்றுவட்டத்தில் சாம்பல் படிந்த நிலம். அப்பால் அலைவாயில் வலையுடன் நின்ற மீனவர். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து இந்நீர்ப்பரப்பு கறுத்ததையும், படகும் வலையும் பாழானதையும் அவர்களுள் முதியவர் ஒருவர் கைகாட்டிச் சொன்னார். இங்கே பெயர்க்காரணம் கேட்க எவருக்கும் மனம் வரவில்லை.

திரும்பும் வண்டியில் விம்கோ நகர் நிலையம் வந்தது. தீப்பெட்டிக் கம்பெனியின் ஆங்கில எழுத்துகள் சேர்ந்து ஊர்ப்பெயரான கதையைச் சொன்னபோது பெரியத்தாவே சிரித்துவிட்டார்கள். பின்னர்க் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தோம். தண்டையார்பேட்டை என்ற தலைப்பின்கீழ், 'பெரியத்தா சொன்னது' என்று ஒரு பத்தி. 'ஏட்டில் உள்ளது, 1693' என்று மற்றொரு பத்தி. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு கிழித்திருந்தாள். பெரியத்தா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து முழுவதும் படித்து, தம் பத்தியில் 'குணங்குடி' என்பதில் விடுபட்டிருந்த ஓர் எழுத்தைத் திருத்திக் கொடுத்தார்கள்.