சீரியல் விளக்குகள்: வீட்டிலேயே பழுதறியும் முறை

துர்கா பூஜை முடிந்து காளி பூஜை நெருங்கும் நாள்களில், டாலிகஞ்ச் பகுதியின் சந்துகளில் மாடத்துக்கு மாடம் விளக்குச் சரங்கள் தொங்கக் காணலாம். வங்காளிகள் ‘டுனி’ என்றழைக்கும் அச்சிறு விளக்குகளை நாம் ‘சீரியல் செட்’ என்கிறோம். காளி பூஜையும் தீபாவளியும் ஒட்டியே வருவதால், இங்குள்ள தமிழ் இல்லங்களிலும் அதே வேளையில் பரணிலிருந்து சரங்கள் இறங்குகின்றன. எரியாத சரத்தைக் குப்பையில் இட்டு, எஸ்ரா தெருவில் புதியது வாங்குவோர் பலர். ஒயரை முறுக்கி ஒட்டுப்போடுவோர் சிலர். முன்னது வீண்செலவு, பின்னது ஆபத்து. முறையான வழி இவ்விரண்டுக்கும் இடையே உள்ளது.

பெயரே தரும் விளக்கம்

‘சீரியல்’ என்பது தொடர் இணைப்பைக் குறிக்கும். நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். மின்னிழை பல்புகள் நாற்பதைத் தொடராக இணைத்தால், ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 5.75 வோல்ட் கிடைக்கும். எங்கேனும் ஓரிடத்தில் தொடர்பு அறுந்தால் அத்தொடர் முழுவதும் அணையும். நீண்ட சரங்களில் இத்தகைய தொடர்கள் பல இருப்பதால், ஒரு பகுதி மட்டும் இருளக்கூடும்.

முதலிற் செய்ய வேண்டியவை

பிளக்கைக் கழற்றிய பின்னரே சரத்தைத் தொட வேண்டும். சுவிட்சை அணைத்தல் மட்டும் போதாது. பிறகு பகல் வெளிச்சத்தில் சரத்தை மேசைமீது விரித்து, ஒயரின் மேலுறை வெடித்துள்ளதா, எலி கடித்துள்ளதா எனப் பார்க்கவும். அடுத்து, இருண்ட பகுதியின் பல்புகளை ஒவ்வொன்றாக அழுத்திச் செருகவும். தளர்ந்த பல்பே காரணமாயின், பழுது இத்துடன் நீங்கிவிடும்.

பாதியாகப் பகுத்தல்

வங்கிக் கிளையில் நாள் முடிவில் கணக்குப் பொருந்தாவிடின், பதிவுகளை இரண்டாகப் பகுத்து, வித்தியாசம் எந்தப் பாதியில் உள்ளது என்று தேடுவோம். இங்கும் அம்முறையே. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, நடுப் பல்பைக் கழற்றவும். ஒரு முனையை, தொடரின் முதற்பல்புக்குச் செல்லும் பிளக் ஊசியிலும், மறுமுனையைக் காலியான ஹோல்டரின் அருகுப்பக்கத் தொடர்பிலும் வைக்கவும். தடை அளவு தெரிந்தால் முற்பாதி நன்று. பழுது நடுப் பல்பிலோ பிற்பாதியிலோ உள்ளது. அளவு தெரியாவிடின் முற்பாதியிலேயே பழுது. கழற்றிய பல்பைத் தனியே சோதித்துச் செருகிவிட்டு, பழுதுள்ள பாதியை மீண்டும் பகுக்கவும். நாற்பது பல்புகளில் பழுதானதை ஏறத்தாழ ஆறு சோதனைகளில் கண்டுவிடலாம். மாற்றும் பல்பு அதே வோல்ட் அளவினதாக இருத்தல் வேண்டும்.

செய்யத் தகாதது

பழுதான பல்புகளை வெட்டி நீக்கி, ஒயர்களை நேரடியாக இணைப்பது பெருந்தவறு. நாற்பதில் பத்தை நீக்கினால், எஞ்சிய ஒவ்வொன்றின்மீதும் ஏறத்தாழ 7.7 வோல்ட் விழும். அவை மிகையாகச் சூடேறி விரைவில் கருகும்; ஒயரும் தன் அளவுக்கு மேல் சுமை தாங்க நேரும்.

எல்.இ.டி. சரங்களில் விளக்குகளைக் கழற்ற இயலுமாயின், வெள்ளை, நீல விளக்குகளை 3 வோல்ட் பொத்தான் பேட்டரியில் வைத்துத் தனித்தனியே சோதிக்கலாம். நீண்ட கால் நேர்முனையில் படவேண்டும். விளக்குகள் பற்றவைக்கப்பட்ட மலிவான சரங்களை மாற்றிவிடுவதே உத்தமம். விளக்குகளை மாறிமாறி எரியச்செய்யும் சிறு பெட்டியைத் திறக்க வேண்டாம். அதனுள்ளும் வீட்டு மின்னழுத்தமே பாய்கிறது.

இரும்புக் கம்பி மாடங்கள்

தெற்குக் கொல்கத்தாவின் பழைய வீடுகளில் மாடத்தை அடைப்பவை இரும்புக் கம்பிகள். உறை கிழிந்த ஒயர் அக்கம்பியில் பட்டால், கம்பியே மின்சாரம் ஏந்தும்; அதைப் பற்றி நின்று வாணவேடிக்கை பார்ப்பவர்கள் நம் குழந்தைகள். ஆகவே கம்பியில் நேரடியாகக் கட்டாது, நைலான் கயிற்றில் தாங்கச் செய்யவும். மழை படுமிடத்தில் ஐபி 44 அல்லது அதற்கு மேற்பட்ட குறியுள்ள சரமே ஏற்றது. 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருப்பின், அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி, அது துண்டிக்கிறதா என்று விழாவுக்கு முன்பே அறிந்துகொள்ளவும். அது இல்லாத வீட்டில், தகுதியுள்ள மின்பணியாளரைக் கொண்டு பொருத்திக்கொள்வது புதிய சரம் வாங்குவதினும் முந்திய செலவு.

உறங்கச் செல்லுமுன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். ஒட்டுப்போட்ட சரம் எத்தனை அழகாக எரிந்தாலும், உறை கிழிந்திருப்பின் அதைக் கைவிடுவதே சிக்கனம்.