இ-பாஸும் இரு நிரல்களும்

நீலகிரி மலைக்கு வரும் ஊர்திகள் அளவின்றிப் பெருகினமையால், சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் முதல் இ-பாஸ் முறை ஏற்பட்டதை யாவரும் அறிவர். 2025-ஆம் ஆண்டுக் கோடையில், வார நாட்களில் நாளொன்றுக்கு 6,000 ஊர்திகளும் வார இறுதி நாட்களில் 8,000 ஊர்திகளுமே வரலாம் என்ற வரையறையும் உண்டாயிற்று. இத்தகைய அனுமதியை வழங்கும் இணையப் பக்கம் ஒன்று எங்ஙனம் இயங்கும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இணையப் பக்கத்தின் வேலை ஈரிடத்து நிகழ்வது. பயணியின் கைப்பேசியிலுள்ள உலாவியில் ஒரு நிரல் ஓடும். தொலைவிலுள்ள வழங்கி என்னும் கணினியில் மற்றொன்று ஓடும். முன்னதற்குப் பெரும்பாலும் 1995-இல் தோன்றிய ஜாவாஸ்கிரிப்ட் மொழி பயன்படும். பின்னதற்குப் பிஎச்பி, ஜாவா, பைத்தான் முதலிய மொழிகள் பல உள.

பயணி தம் ஊர்தி எண்ணை எழுதாது விட்டனர் எனக் கொள்வோம். உலாவி நிரல் அப்பிழையை அக்கணமே சுட்டிக் காட்டும். செய்தி வழங்கிவரை சென்று மீள வேண்டுவதில்லை. அலைத்தொடர்பு மெலிந்த மலைச்சரிவில் இது பேருதவியாம். பிழை நீங்கியபின் விண்ணப்பம் வழங்கியை அடையும். வழங்கி நிரலோ அதனை மீண்டும் முதலிலிருந்து சோதிக்கும்.

ஒரு சோதனையை இருமுறை செய்வானேன்? உலாவி நிரல் பயணியின் கையகத்தது. அவர் விரும்பின் அதனை மாற்றலாம். அப்பக்கத்தைத் திறவாமலே பொய் விண்ணப்பம் அனுப்பவும் கூடும். ஆதலின் அதன் சொல்லை மட்டும் நம்புதல் தகாது.

மற்றொரு காரணமும் உண்டு. ஒருநாள் ஓர் அனுமதியே எஞ்சியிருக்க, கோயம்புத்தூரில் ஒருவரும் மைசூரில் ஒருவரும் ஒரே கணத்தில் அதனை வேண்டுகின்றனர். இருவர் திரையிலும் "ஒன்று உளது" என்றே தோன்றும். திரையில் உள்ளது சற்றுமுன் வந்த செய்தியே அன்றி, இக்கணத்துக் கணக்கு அன்று. மெய்க்கணக்கு வழங்கியின் தரவுத்தளத்தில் மட்டுமே உளது. எண்ணிக்கையைப் பார்த்தலையும் அனுமதியைப் பதிதலையும் வழங்கி நிரல் பிரிக்கவொண்ணா ஒரே செயலாகச் செய்தல் வேண்டும். செய்யின், ஒருவர் பெறுவர். மற்றவர்க்கு இல்லை என்ற விடை செல்லும். செய்யாவிடின், 6,001-ஆம் ஊர்தியும் மலையேறும்; வரையறை பெயரளவினதாய் முடியும்.

எனவே, உலாவி நிரல் செய்வது உபசாரம்; வழங்கி நிரல் செய்வது நியாயம். இரண்டும் வேண்டுவனவே. நிரல் எழுதப் புகும் மாணாக்கர், "இவ்வேலை யார் கையில் இருத்தல் தகும்?" என்று முதற்கண் வினவுவாராக.