வரிப் பணமும் நம் பணமும்

சாஆ செம்பனைத் தோட்டப் பக்கம்தான் என் வீடு. பொறியியல் படித்துக்கொண்டே, சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றுக்குப் பகுதிநேரமாகக் கணினியில் வரைபடம் வரைந்து கொடுக்கிறேன். 2024-இல் அதில் மொத்தம் 46,000 ரிங்கிட் கிடைத்தது. வீட்டுக் கூரை மாற்றினோம்; அப்பாவுக்கு மோட்டார் வாங்கினேன். வரி என்ற நினைப்பே இல்லை.

2025 ஜூனில், கணக்கியல் படித்த என் பெரியம்மா மகள் கேட்டார்: "வரிப் பாரம் நிரப்பிட்டியா தம்பி?"

"சிங்கப்பூர் காசுக்கா அக்கா, இங்க எதுக்கு வரி?"

"காசு அங்கிருந்து வரட்டும். வேலைய எங்கடா உக்காந்து செஞ்ச?"

சாஆவில், எங்கள் வீட்டு மேசையில்! மலேசியாவில் இருந்து செய்த வேலையின் வருமானம், யார் கொடுத்தாலும் மலேசிய வருமானமே. சம்பளக்காரருக்கு முதலாளி மாதாமாதம் வரியைப் பிடித்துக் கட்டுகிறார். நமக்கு அப்படிப் பிடிக்க ஆளில்லை. அதனால்தான் ஆண்டுக் கடைசியில் மொத்தமாக வந்து நிற்கிறது.

கணக்கு எப்படி?

வருமானத்திலிருந்து தொழில் செலவைக் கழிக்க வேண்டும். பிறகு தனிநபர் விலக்கு 9,000 ரிங்கிட். மீதிக்குத்தான் வரி: முதல் 5,000-க்கு இல்லை, அடுத்த 15,000-க்கு 1%, அடுத்த 15,000-க்கு 3%, அதற்கு மேல் 6% எனப் படிப்படியாக ஏறும். மீதி 35,000-க்குள் இருந்தால் வரியில் 400 ரிங்கிட் தள்ளுபடி.

மென்பொருள் சந்தாவுக்கு 1,100 ரிங்கிட் ரசீது மின்னஞ்சலில் இருந்தது. படம் அச்செடுத்த செலவு 900 இருக்கும். அந்த ரசீதுகளைக் கசக்கிப் போட்டுவிட்டேன். ஆகவே மீதி 35,900. வரி 654 ரிங்கிட், தள்ளுபடி கிடையாது. அந்த 900-க்கும் ரசீது இருந்திருந்தால் மீதி சரியாக 35,000. வரி 600, தள்ளுபடி போக வெறும் 200. கசக்கிப் போட்ட காகிதத்தின் விலை 454 ரிங்கிட்!

வங்கியில் இருந்ததோ 310. 'யாருக்குத் தெரியப்போகுது, விட்டுடலாமா?' என்று மனம் கேட்டது உண்மை. ரசீது இல்லாத 900-ஐச் சேர்த்து எழுதிவிடலாமா என்றும் கேட்டது. அறம், பொருள், இன்பம் என்று சின்ன வயதிலிருந்து சொல்கிறோம். பொருளுக்கு முன்னால் அறம் நிற்கிறதே! அடுத்த வேலைக்கு முன்பணம் கேட்டு வாங்கி, ஜூலை 12-இல் கட்டி முடித்தேன்.

நாம் செய்ய வேண்டியவை

1. பணம் வந்த அன்றே நூற்றுக்கு 5 ரிங்கிட் தனிக் கணக்கில் போடுங்கள். வருமானம் கூடினால் அதையும் கூட்டுங்கள்.
2. ரசீதை உடனே படமெடுத்து வையுங்கள். கணக்குகளை 7 ஆண்டு காக்க வேண்டும்.
3. தொழில் வருமானத்துக்கு 'பி' பாரம். கடைசி நாள் ஜூன் 30; 2025-இல் இணையவழி அனுப்பியோருக்கு ஜூலை 15 வரை அவகாசம் இருந்தது. வரியைக் கட்டத் தவறினால் கட்டாத வரிக்கு 10% அபராதம்.
4. கையில் பணம் இல்லையென்றாலும் பாரத்தை அனுப்பிவிடுங்கள். உள்நாட்டு வருமான வரி வாரியத்திடம் தவணை கேட்கலாம். ஒளிந்துகொள்வதுதான் ஆபத்து.
5. அடுத்த ஆண்டுக்கு வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒரு தவணையாக, ஆறு தவணை முன்கூட்டியே கேட்கலாம். கடிதம் வந்தால் பயப்படாதீர்கள், படியுங்கள்.

சிந்திக்க

- போன மாதம் உங்கள் கைக்கு வந்த பணத்தில் எவ்வளவு உண்மையில் உங்களுடையது?
- அதற்கான ரசீதுகள் இப்போது எங்கே இருக்கின்றன?

இன்றிரவே ஓர் உறை எடுத்து, அதன்மேல் இந்த ஆண்டை எழுதி வையுங்கள். நான் அங்கிருந்துதான் தொடங்கினேன்.