ஒரே ஊர், இரண்டு இரவு

சுற்றுலா விசாவில் ஜப்பானுக்கு வருபவர்கள் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா, ஹிரோஷிமா என்று ஓடித்தான் ஆக வேண்டும். கையில் இருக்கும் நாட்கள் அவ்வளவுதான். இங்கேயே வேலை பார்த்துக் குடும்பத்தோடு வசிக்கும் நமக்கு அந்த ஓட்டம் தேவையில்லை. ஆனாலும் நம்மவர்கள் பலர் வந்த புதிதில் அதே வேகத்தில்தான் சுற்றுகிறார்கள். ஒன்சென் எனப்படும் வெந்நீர் ஊற்றுகளைத் தேடிப் போகத் தொடங்கிய பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் மாறிவிட்டது. ஒரு பயணத்துக்கு ஒரே ஊர், குறைந்தது இரண்டு இரவு. இதுதான் இப்போது எங்கள் கணக்கு. புதிதாக வந்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்று, நாங்கள் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன்.

எப்போது, எப்படிப் போவது?

ஏப்ரல் கடைசியில் தொடங்கும் கோல்டன் வீக், ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன், புத்தாண்டு ஆகிய மூன்று காலங்களிலும் நாடே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பும். அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை எகிறும். சனிக்கிழமை இரவும் அப்படித்தான். ஞாயிறு மதியம் போய்ச் சேர்ந்து, திங்கள், செவ்வாய் விடுப்பு எடுத்துக்கொண்டால் அதே அறை குறைந்த விலைக்குக் கிடைக்கும், குளியல் தொட்டியிலும் கூட்டம் இருக்காது. பனி பார்த்தபடி திறந்தவெளித் தொட்டியில் அமர விரும்பினால் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் போங்கள்.

நாடு முழுவதும் செல்லுபடியாகும் ஜப்பான் ரயில் பாஸ், தற்காலிக வருகையாளர்களுக்கானது. வசிப்பிட அட்டை வைத்திருக்கும் வெளிநாட்டினரான நமக்கு அது கிடைக்காது. ஆனால் ஜே.ஆர். டோக்கியோ வைட் பாஸ் போன்ற சில வட்டாரப் பாஸ்களை, வெளிநாட்டு பாஸ்போர்ட் இருந்தால் இங்கு வசிப்பவர்களும் வாங்கலாம். விதிகள் அவ்வப்போது மாறும், வாங்கும் முன் படித்துவிடுங்கள். மலை ஊர்களில் ரயிலைவிட முக்கியம் கடைசிப் பேருந்து. மாலையிலேயே அது போய்விடும் ஊர்கள் பல உண்டு.

தண்ணீரைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுங்கள்

1948-ஆம் ஆண்டின் ஒன்சென் சட்டப்படி, ஊற்றில் 25 டிகிரியோ அதற்கு மேலோ வெப்பம் இருக்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட 19 பொருட்களில் ஏதாவது ஒன்று போதிய அளவில் கலந்திருக்க வேண்டும். அதனால் ஒன்சென் என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தண்ணீர் இருக்கிறது. உடை மாற்றும் அறைச் சுவரில் நீரின் பகுப்பாய்வுச் சான்றிதழ் தொங்கும். மொழிபெயர்ப்புச் செயலியால் அதைப் படித்துப் பாருங்கள். அந்தப் பழக்கம் வந்தபிறகுதான் நான் ஒவ்வொரு ஊரின் தண்ணீரையும் தனித்தனியாக ரசிக்கக் கற்றேன்.

குன்மா மாநிலத்தின் குசாட்சுவில் நீரின் அமிலத்தன்மை பி.எச். 2-ஐ ஒட்டி இருக்கும். சின்னச் சிராய்ப்பு இருந்தாலும் எரியும். ஊற்றுநீர் மிகவும் சூடானது. பச்சைத் தண்ணீர் கலந்தால் வீரியம் குறையும் என்று, நீளப் பலகைகளால் கிளறியே ஆற்றுவது அந்த ஊர் வழக்கம். பாட்டோடு அதைச் செய்து காட்டுவதைப் பார்க்கலாம், நாமும் பலகை பிடித்துப் பார்க்கலாம். மெய்ஜி காலத்தில் ஜப்பானில் பணிபுரிந்த ஜெர்மானிய மருத்துவர் எர்வின் பெல்ட்ஸ், இந்த நீரின் பெருமையை ஐரோப்பாவுக்கு எடுத்துச் சொன்னவர். நம்மைப் போலவே அவரும் இங்கே வசித்த வெளிநாட்டவர்தான்.

கியூஷூ தீவின் பெப்பு நகரில் ஊற்றுகள் 2,000-க்கும் மேல். தெருவோரத்தில்கூட ஆவி கிளம்பும். டகேகவாரா குளியலகத்தில் வெந்நீரால் சூடான மணலுக்குள் கழுத்துவரை புதைத்துவிடுவார்கள். கன்னவா பகுதியில் அந்த ஆவியிலேயே முட்டை, சர்க்கரைவள்ளி, சோளம், பூசணி எல்லாவற்றையும் நாமே வேகவைத்துச் சாப்பிடலாம்.

நடந்து திரிய ஆசையிருந்தால் ஹியோகோ மாநிலத்தின் கினோசாகி. அங்கே ஏழு பொதுக் குளியலகங்கள். யுகாதா என்ற மெல்லிய அங்கி உடுத்தி, கேத்தா என்ற மரச்செருப்பு சத்தமிட, வில்லோ மரங்கள் நிற்கும் ஓடைக்கரையில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவதுதான் அங்கே பொழுதுபோக்கு. பல குளியலகங்கள் பச்சை குத்தியவர்களை அனுமதிப்பதில்லை. இந்த ஏழிலும் அந்தத் தடை இல்லை.

தயக்கம் வேண்டாம்

ஆண்கள், பெண்கள் தனித்தனி என்றாலும், உடையில்லாமல் பொதுத் தொட்டியில் இறங்குவது நம் வளர்ப்புக்குப் பெரிய தடை. உண்மையில் அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அப்படியும் மனம் வரவில்லையென்றால், கஷிகிரி என்ற தனிக் குளியலறையைக் குறிப்பிட்ட நேரத்துக்கு வாடகைக்கு எடுக்கலாம். தம்பதியருக்கும் கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் இதுவே வசதி.

முதலில் முக்காலியில் அமர்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட்டு, அதன்பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். சிறு துண்டு தண்ணீரில் படக்கூடாது; நீண்ட கூந்தலைத் தூக்கிக் கட்ட வேண்டும். வாசல் திரையை ஒவ்வொரு முறையும் கவனியுங்கள். நேற்று இரவு பெண்களுக்கு இருந்த பக்கம், காலையில் ஆண்களுக்கு மாறியிருக்கலாம். கந்தக நீர் வெள்ளியைக் கறுக்க வைக்கும். கொலுசு, மெட்டி, மோதிரம் எல்லாவற்றையும் அறையிலேயே கழற்றி வையுங்கள்.

சாப்பிட்ட உடனேயும் மது அருந்திவிட்டும் இறங்காதீர்கள். காலிலிருந்து மேலாக நீரை ஊற்றிக்கொண்டு, ஐந்து பத்து நிமிடம் அமர்ந்து எழுந்து, தண்ணீர் குடித்து, மறுபடி இறங்குவது நல்லது. இதய நோயோ ரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

சைவர்களுக்கு

ரியோகான் விடுதியின் இரவு விருந்தில் காய்கறிக்கூட்டிலும் சூப்பிலும்கூட மீன் சாறு கலந்திருக்கும். அறை பதியும்போதே, இறைச்சி, மீன், மீன் சாறு மூன்றும் வேண்டாம் என்று ஜப்பானிய மொழியில் எழுதிக் கேளுங்கள். அன்றைக்குப் போய்ச் சொன்னால் சமையலறைக்குச் சிரமம். முடியாது என்றால் சுதோமாரி, அதாவது உணவில்லாத் தங்கல், எடுங்கள். பருப்புப்பொடி, ஊறுகாய், சூடாக்கிச் சாப்பிடும் சோற்றுப் பொட்டலம் கையில் இருந்தால் கவலையில்லை.

இரண்டாவது இரவு ஏன்?

முதல் நாள் மாலை ஊர் பார்ப்பதிலேயே போகும். மறுநாள் காலையில் பார்க்க எதுவும் பாக்கியில்லாமல் விழிக்கும்போதுதான் தோள் இறங்கும், தூக்கம் ஆழமாகும். முற்காலத்தில் இங்கே விவசாயிகள் அறுவடை முடிந்து வாரக்கணக்கில் ஊற்றருகே தங்கி உடம்பைத் தேற்றிக்கொண்டது இதற்காகத்தான். ஒரே இரவோடு கிளம்புபவருக்கு அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. டோக்கியோவில் இருப்பவர்கள், பழகிக்கொள்ள முதலில் கமாத்தா பக்கத்துக் கருநீர்க் குளியலகம் ஒன்றுக்குப் போய் வாருங்கள். பிறகு, நீண்ட விடுமுறைக்குக் காத்திருக்காமல், அடுத்த மாதத்திலேயே ஒரு ஞாயிறு, திங்கள் இரவுகளைக் குறித்து அறையைப் பதிந்துவிடுங்கள்.