வெள்ளரிக்காய் சோப்பில் வெள்ளரி எங்கே?

இயற்கை அங்காடிகளில் இப்போது காய்கறிப் பெயரில் சோப்புகள் வர ஆரம்பித்திருக்கின்றன. வெள்ளரி, கேரட், தக்காளி, பாகற்காய் என்று வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு வெள்ளரிக்காய் சோப்பு வாங்கி மூன்று வாரம் குளித்துப் பார்த்தேன். இளம்பச்சை நிறம், கண்ணாடி போன்ற கட்டி. மோந்து பார்த்தால், வெள்ளரிப் பிஞ்சை அப்போதுதான் நறுக்கிய வாசனை. நுரை நன்றாகவே வந்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் கடைசிச் சில்லு வரைக்கும் அந்த வாசனை ஒரே மாதிரி நின்றதுதான் எனக்கு இடித்தது.

ஏன் என்று சொல்கிறேன். கொடியில் கிடக்கும் வெள்ளரிக்காயை மோந்து பாருங்கள், பெரிதாக மணம் இருக்காது. நறுக்கியதும்தான் வரும். காயின் திசு உடையும்போது அதிலுள்ள கொழுப்பு அமிலங்களை நொதிகள் சில நொடிகளில் உடைக்கின்றன. அப்போது உண்டாகிற ஆல்டிஹைடு வகைப் பொருள்கள்தான் அந்த வாசனை. அறுத்த புல்லின் மணமும் கிட்டத்தட்ட இதே வழியில் வருவதுதான். இந்த ஆல்டிஹைடுகள் காற்றில் சீக்கிரம் பறந்துவிடும், காரத்தில் உருமாறிவிடும். சோப்பு காய்ச்சுவதோ காஸ்டிக் சோடாவில்! அப்புறம் எங்கே வெள்ளரி மணக்கும்?

(கொத்தமல்லித் தழை சோப்பு மாதிரி நாறுகிறது என்று சொல்பவர்கள் வெளிநாடுகளில் நிறைய உண்டு. அதுவும் இந்த ஆல்டிஹைடு செய்கிற வேலைதான். நம் ரசத்துக்கு அந்தப் பழி வராதவரை சரி.)

குடிகாட்டுக்காரர்களுக்கு மூக்கு கொஞ்சம் கூர்மை. சிப்காட்டை ஒட்டி வாழ்கிற ஊர், வேறு வழியில்லை. 2004 வாக்கில் இந்தச் சுற்றுவட்டார மக்கள் எந்த நேரத்தில், எந்தப் பக்கமிருந்து, என்ன நெடி வருகிறது என்று குறிப்பெழுதினார்கள். வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வுக்கும் அனுப்பினார்கள். அழுகிய முட்டை நெடி என்றால் ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டைக்கோஸ் நெடி என்றால் மெர்கேப்டன் என்று படிக்காதவர்களும் பேசக் கற்றுக்கொண்டார்கள். வாசனை சும்மா வராது, அதற்குப் பின்னால் ஒரு பொருள் இருக்கும், அந்தப் பொருள் ஓரிடத்திலிருந்து வந்திருக்கும். ஆலைப் புகையிடம் கேட்கிற கேள்வியைச் சோப்பிடமும் கேட்கலாம்தானே?

உறையைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் ‘பர்ஃப்யூம்’ என்று ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லுக்குள் பத்து இருபது வேதிப்பொருள்கள் ஒளிந்திருக்கலாம். தோல் ஒவ்வாமைக்கு இந்த வாசனைக் கலவைகள் முக்கியமான ஒரு காரணம் என்பது தோல் மருத்துவர்கள் அறிந்த விஷயம். கண்ணாடி போன்ற கட்டிகள் பலவும் ‘சோப்பு பேஸ்’ என்று விற்கிறதை வாங்கி உருக்கி, நிறமும் மணமும் சேர்த்து அச்சில் ஊற்றியவை. அது தப்பில்லை. ‘இயற்கை வெள்ளரி மணம்’ என்று எழுதுவதுதான் தப்பு.

சரி, நிஜமாகவே வெள்ளரி போட்டுக் காய்ச்சினால் என்ன ஆகும்? வீட்டில் செய்து பார்த்தேன். செய்ய விரும்புகிறவர்களுக்குக் கணக்கைத் தருகிறேன்.

தேங்காய் எண்ணெய் 600 கிராம், விருத்தாசலம் பக்கத்துச் செக்குக் கடலை எண்ணெய் 300, ஆமணக்கு எண்ணெய் 100. ஒரு கிராம் எண்ணெய் சோப்பாக மாறத் தேங்காய்க்கு 0.183, கடலைக்கு 0.136, ஆமணக்குக்கு 0.128 கிராம் காஸ்டிக் வேண்டும். கூட்டினால் 163.4 வரும். அதில் 5 சதவீதம் குறைத்து 155 கிராம் போடுங்கள். அந்த 5 சதவீத எண்ணெய் சோப்பாகாமல் தங்கித் தோலுக்குப் பதமாக இருக்கும். தண்ணீருக்குப் பதில் வடிகட்டிய வெள்ளரிச் சாறு 330 கிராம். சாற்றில் சர்க்கரை இருப்பதால் காஸ்டிக் பட்டதும் சூடேறிக் கருகும். அதனால் முதலில் ஐஸ் கட்டியாக உறைய வைத்து, அதன்மேல் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். காஸ்டிக் மேல் சாற்றையோ தண்ணீரையோ ஒருநாளும் ஊற்றக்கூடாது, தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காஸ்டிக் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். எவர்சில்வர் போதும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில், பிள்ளைகள் அண்டாமல் செய்யுங்கள். எண்ணெயோடு சேர்த்து இட்லி மாவுப் பதம் வரும்வரை கலக்கி அச்சில் ஊற்றி, இரண்டு நாள் கழித்து வெட்டி, நிழலில் ஆறு வாரம் அடுக்கி வையுங்கள்.

வந்தது வெளிறிய மஞ்சள் கட்டி. வெள்ளரி வாசனை துளிகூட இல்லை. பச்சையும் இல்லை. கேரட் சாற்றில் செய்தது நல்ல மஞ்சளாக வந்தது, அதுவும் வெளிச்சத்தில் மெல்ல வெளுக்கிறது. சாற்றின் சர்க்கரையால் நுரை கொஞ்சம் கூடுகிறது. காய்கறி சோப்புக்குத் தருவது அவ்வளவுதான். தோலை வெள்ளையாக்கும் என்பதெல்லாம் விற்பனைப் பேச்சு. ஒன்று சொல்ல வேண்டும், எங்கள் உப்புத் தண்ணீரில் கடைச் சோப்பு திரிந்துபோகும். இந்தக் கட்டி நுரைக்கிறது. அந்தப் பெருமை வெள்ளரிக்கு இல்லை, தேங்காய் எண்ணெய்க்கு. கப்பலோட்டிகள் கடல்நீரில் குளிக்கத் தேங்காய் எண்ணெய் சோப்பைத்தான் வைத்திருந்தார்கள்.

மணம் வேண்டும் என்றால் நம்ம மண்ணிலேயே இருக்குது. நொச்சிக்காடு, தியாகவல்லி, சித்திரைப்பேட்டை மணலில் வெட்டிவேர் விளைகிறது. மணல் பூமியாக இருப்பதால் வேர் அறுபடாமல் நீளமாக வரும். வெட்டிவேர்த் தைலத்தின் மூலக்கூறுகள் கனமானவை, லேசில் பறக்காது, காரத்தையும் தாங்கும். அத்தர், சென்ட் செய்கிறவர்கள் மற்ற வாசனைகளைப் பிடித்து நிறுத்தவே இதைச் சேர்க்கிறார்கள். ஒரு கிலோ எண்ணெய்க்கு 20 கிராம் தைலம் போட்டு அடுத்த ஈடு காய்ச்சினேன். ஆறு வாரம் கழித்தும் மழை பெய்த மண் மாதிரி மணக்கிறது. வேரைப் பொடித்துப் போட்டால் அழுக்குத் தேய்க்க உதவும், மணம் அவ்வளவாக நிற்காது.

செலவுதான் இடிக்கும். அந்த 20 கிராம் தைலத்தின் விலை பெரும் பங்கைத் தின்றுவிடும். வேரைக் கட்டாக வியாபாரியிடம் கொடுத்துவிட்டு, தைலத்தை வெளியூரிலிருந்து வாங்குகிறோம் இல்லையா, அதன் பலன் இது. தைலம் வடிக்க ஒரு நாள் முழுக்கக்கூட ஆவி விட வேண்டியிருக்கும், விறகும் தண்ணீரும் நிறையப் பிடிக்கும். ஒரு வீட்டால் முடியாது. பத்துப் பதினைந்து வெட்டிவேர் விவசாயிகள் சேர்ந்து ஒரு கொதிகலன் வைத்தால் கணக்கு தேறும். வங்கியில் இருந்த காலத்தில் இதைவிட மோசமான திட்டங்களுக்கெல்லாம் கடன் கொடுத்திருக்கிறோம்.

மகளிர் குழுக்கள் விற்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 1982 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சோப்பும் அழகுசாதனப் பொருள் கணக்கில் வருகிறது. வீட்டுக்குச் செய்துகொள்வது வேறு. விற்பனைக்குச் செய்ய 2020 அழகுசாதன விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உரிமம் வாங்க வேண்டும். உறையில் ‘வெள்ளரிச் சாறு சேர்த்தது, வெட்டிவேர் மணம்’ என்று உள்ளதை உள்ளபடி அச்சடியுங்கள். வாசனையே சேர்க்காத கட்டி என்றால் ‘மணம் சேர்க்காதது’ என்று போடுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.